பிரதேச வைத்தியசாலைகளுக்கு லாக்ரேற் கருவி வேண்டுமா?

வயற்கரை | இரவு 8.40

சென்ற காலபோகத்தில் அப்பாவுக்கு நடந்ததில் இருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வயலால் வந்தவருக்கு இரவு காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத நோ. விடிந்ததும் ஓர் இடத்தில் இரத்தம் எடுத்தார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் சீஆர்பீ பெரிதாக ஏறவில்லை என்று பனடோலோடு வீட்டுக்கு விட்டார்கள். நாலாம் நாள் கண் மஞ்சள், சலம் போகவில்லை. அம்புலன்சில் ஏ9 வழியே போகும்போது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முழங்கைவரை குளிர். எலிக்காய்ச்சல், அதனால் செப்சிஸ், அதாவது கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை என்றார்கள். மூன்று தரம் டயலிசிஸ் செய்துதான் ஆள் மீண்டார்.

விரல் நுனி இரத்தத்திலேயே லாக்ரேற் பார்க்கும் கைக்கருவிகள் இருக்கின்றன. உடம்புக்கு இரத்தோட்டம் குறையும்போது ஏறுவது லாக்ரேற். 2016இல் வந்த வரைவிலக்கணத்தின்படி, சேலைன் போதியளவு ஏற்றிய பிறகும் பிரஷரை நிறுத்த மருந்து தேவைப்பட்டு, லாக்ரேற்றும் லீற்றருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் அது செப்ரிக் ஷொக், செப்சிஸின் மிக மோசமான கட்டம். அந்த நிலையில் வைத்தியசாலை மரணம் நூற்றுக்கு 40இற்கும் மேல். மல்லாவி, முழங்காவில் போன்ற இடங்களிலேயே இதைப் பார்க்க வசதி வேண்டும் என்று மனு எழுதப் போகிறேன். உங்கள் கருத்து?

இரவுக்கடமை | இரவு 9.15

தம்பி, அப்பா மீண்டது பெரிய ஆறுதல். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி. மனுவை ஆதரிக்க முடியவில்லை, அதற்குக் காரணம் உங்கள் கதையேதான். அப்பாவை வீட்டுக்கு அனுப்பியது கருவி இல்லாத குறையா? கையில் ஓர் எண் இருந்தது, அதை நம்பி அனுப்பினார்கள். சீஆர்பீ ஏறத் தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும், உச்சத்துக்கு வர ஏறக்குறைய இரண்டு நாள். காய்ச்சல் வந்த மறுநாள் காலையில் அது குறைவாக இருந்ததற்கு ஓர் அர்த்தமும் இல்லை. வயலில் நின்றவர், கெண்டைக்கால் நோ என்ற இரண்டு சொல்லுக்குத்தான் அர்த்தம் இருந்தது.

2019இல் தென்னமெரிக்காவில் 5 நாடுகளில் 424 நோயாளிகளை வைத்து அன்ட்ரோமீடா ஷொக் என்று ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு லாக்ரேற் இறங்குவதைப் பார்த்துச் சிகிச்சை. மற்றவர்களுக்கு, சுட்டுவிரல் நுனியைக் கண்ணாடித் தகட்டால் வெளிறும்வரை அழுத்தி, 10 செக்கன் வைத்திருந்து விடுவார்கள். நிறம் திரும்ப 3 செக்கனுக்கு மேல் எடுத்தால் இரத்தோட்டம் போதாது. 28 நாளில் இறந்தவர்கள் லாக்ரேற் பக்கம் நூற்றுக்கு 43.4, விரல் பக்கம் 34.9. விரலுக்கு மின்சாரம் வேண்டாம், கருவிக்குப் போடும் சோதனைப் பட்டி போல முடிந்தும் போகாது.

குழாய்மூடி | இரவு 9.48

அக்கா, அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற எல்லையை அது தாண்டவில்லை. அதைவிட முக்கியமானது, அந்த 424 பேரும் ஆய்வுக்குள் எடுக்கப்பட்டதே லாக்ரேற் 2 அல்லது அதற்கு மேல் இருந்ததால்தான். ஆளைக் கண்டுபிடித்துத் தந்தது லாக்ரேற், அதற்குப் பிறகு வழிகாட்டியது விரல். இரண்டையும் போட்டிக்கு விட வேண்டியதில்லை.

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன் என்றபடியால் இன்னொன்று சொல்ல வேண்டும். குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் சீனியை எரித்து லாக்ரேற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே கொண்டு வரச் சொல்கிறோம். கையை நேரம்போக இறுக்கிக் கட்டிவைத்து எடுத்த இரத்தத்திலும் எண் பொய்யாக ஏறலாம். ஒரு மணி நேரம் முச்சக்கர வண்டியில் வெயிலோடு வந்த குழாயில் நான் 4 என்று எழுதினால், அது நோயாளியின் 4 ஆ, பயணத்தின் 4 ஆ? அதனால் கட்டிலடியில் பார்க்கும் கருவிக்கு என் ஆதரவு.

நெடுங்கேணிப் பிள்ளை | இரவு 10.05

எங்கள் பக்கத்தை மறந்து கதைக்கிறீர்கள். இங்கே காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கிரியற்றினின் மாமிக்குச் சாதாரண நாளிலேயே 3. போன வருடம் காய்ச்சலோடு ஓரிடத்துக்குக் கூட்டிப்போனபோது, புது ஆள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு செப்சிஸில் சிறுநீரகம் விழுந்துவிட்டது என்று பதறினார். கிளினிக் கொப்பியை மாமி பொலித்தீன் பையில் சுற்றிக் கூரைத்தடியில் செருகி வைப்பா. மகன் ஓடிப்போய் எடுத்து வந்த பிறகுதான் பதற்றம் அடங்கியது. கிருமித்தொற்றைக் காட்டப் பார்க்கும் புரோகல்சிரோனின் என்ற இரத்தச் சோதனையும் சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கிருமி இல்லாமலே கொஞ்சம் ஏறி இருக்கும். எங்கோ வகுத்த எல்லை எங்கள் ஆட்களுக்கு அப்படியே பொருந்தாது.

இரவுக்கடமை | இரவு 10.31

புரோகல்சிரோனின் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2021 சர்வதேச வழிகாட்டலே, அன்ரிபயோற்றிக் தொடங்குவதற்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், நிறுத்துவதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது. 2024இல் பிரித்தானியாவில் 2,700இற்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில் அதனால் மருந்து ஏறக்குறைய ஒரு நாள் குறைந்தது. சீஆர்பீயால் அதுவும் இல்லை.

அந்த ஒரு நாளும் எங்கள் மண்ணில் ஆபத்தாகலாம். சேற்றில் வேலை செய்யும் சீனி வருத்தக்காரருக்கு மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி நோய் வரும். அதற்கு ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு குளிசை 3 மாதம். ஐந்தாம் நாள் எண் இறங்கிவிட்டது என்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

குழாய்மூடித் தம்பி, நீங்கள் சொன்னதில் லாக்ரேற் பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

வயற்கரை | இரவு 11.02

அக்கா, என் மனம் போவது இரவு ஒரு மணிக்கு. தனியே நிற்கும் ஒரு வைத்தியர், ஒரு தாதி. பெரிய வைத்தியசாலைக்கு போன் எடுத்து ‘ஆள் சரியில்லை’ என்றால், மறுபக்கம் என்ன விளங்கும்? ‘லாக்ரேற் 3, சேலைன் விட்டு இரண்டு மணி நேரத்தில் 5’ என்றால் அங்கே கட்டில் ஆயத்தமாகும். ஒரு எண்ணை நான் கேட்கவில்லை. இரண்டாவது எண்ணைத்தான் கேட்கிறேன்.

இரவுக்கடமை | இரவு 11.20

அது சரி. மறுபக்கத்தில் போன் எடுப்பது நான்தானே, அப்படிச் சொன்னால் எனக்கு உடனே பிடிபடும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை மணிக்குக் கடைசியாகச் சலம் போனது, விரல் எத்தனை செக்கன் என்பதையும் அதோடு எழுதச் சொல்லுங்கள். ஆனால் 2இற்குக் கீழே என்றால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஒரு வரி மனுவில் இருந்தால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

வயற்கரை | இரவு 11.26

அந்த வரி இருக்காது அக்கா. அப்பாவை அனுப்பியது அந்த மாதிரி ஒரு வரிதான்.

நெடுங்கேணிப் பிள்ளை | இரவு 11.30

கிளினிக் கொப்பியைப் பார்த்துப் பழைய கிரியற்றினினை முதலில் எழுத வேண்டும் என்பதையும் சேருங்கள். பிறகு என் பெயரையும் போடுங்கள்.