அக்ரிலிக் நகம் ஐந்தே நாளில் அடித்தோல் பக்கம் கிளம்புகிறது: எங்கே தவறு செய்கிறேன்?

இரண்டு நாற்காலி (நாகர்கோவில்)

வணக்கம். புருவம், ஃபேஷியல் என்று ஓடிக்கொண்டிருந்த சின்ன பார்லரில் சென்ற ஆண்டுதான் அக்ரிலிக் நகம் (பவுடரையும் லிக்விடையும் குழைத்து நகத்தின்மேல் வைத்து இறுக விடும் செயற்கை நகம்) சேர்த்தேன். முதல் மாதங்களில் ஒரு புகாரும் இல்லை. இப்போது ஆறு வாரமாக நிம்மதி போய்விட்டது. நகம் வைத்துப் போனவர்களில் ஒன்பது பேர் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். நுனி உடையவில்லை. அடித்தோல் பக்கம், அதாவது நகம் தொடங்கும் இடத்துத் தோலோரம், மெல்லிய வெள்ளைக் கோடு விழுகிறது, பிறகு அங்கிருந்து தூக்கிக்கொண்டு வருகிறது. தலை சீவும்போது முடி அந்த இடுக்கில் மாட்டி இழுக்கிறது என்கிறார்கள்.

நான் செய்வது இது: பழைய பாலிஷைத் துடைப்பேன். அடித்தோலைப் பின்னுக்குத் தள்ளி, நகத்தின்மேல் படிந்திருக்கும் செத்த தோலைச் சுரண்டி எடுப்பேன். 180 ஃபைலால் பளபளப்பை மட்டும் நீக்குவேன். டிப் (நீளத்துக்கான பிளாஸ்டிக் நுனி) ஒட்டி, தூசி தட்டி, ஈரமும் எண்ணெயும் போக டிஹைட்ரேட்டர், அக்ரிலிக் பிடித்துக்கொள்ள அமிலமில்லாத பிரைமர், அதன்பின் அக்ரிலிக். ஆறு வாரத்துக்கு முன் லிக்விட் மாற்றினேன், கொஞ்சம் மலிவானது. சந்தேகம் வந்து பிரைமரை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். பவுடரும் புதிதுதான். மழைக்காலம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம், அதுதான் காரணமா? மூன்று வாடிக்கையாளர்களின் விரல் படங்களைக் கீழே இணைத்திருக்கிறேன்.

வேகக்கை

சகோதரி, டிரில் வைத்து நகத்தை இன்னும் நன்றாகச் சொரசொரப்பாக்குங்கள். அமிலப் பிரைமர் இரண்டு கோட் கொடுங்கள். எனக்கு ஒருநாளும் கிளம்பியதில்லை.

பழைய தூரிகை

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். நகத்தைத் தேய்க்கத் தேய்க்க அது மெலியும், வளையும். வளையும் நகத்தின்மேல் வளையாத அக்ரிலிக் உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்பும். பளபளப்பு போனால் போதும் என்று நீங்கள் நிறுத்துவதுதான் சரி.

பாட்டிலை மாற்றுவதற்கு முன், எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள். நுனியில் கிளம்பினால் நகம் அதிக நீளம், அல்லது நுனியை அக்ரிலிக் சரியாக மூடவில்லை. நடுவில் காற்றுக்குமிழி போலத் தெரிந்தால், லிக்விடில் நனைத்த தூரிகையால் பவுடரைத் தொட்டு எடுக்கும் உருண்டை இறுகத் தொடங்கிய பிறகும் தூரிகையால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அடித்தோல் பக்கம் என்றால் மூன்றில் ஒன்று: செத்த தோல் மிச்சம், அக்ரிலிக் தோலில் பட்டிருக்கிறது, அல்லது எண்ணெய்.

உருண்டை எப்படி எடுக்கிறீர்கள்? தூரிகை முனையில் எடுத்த உருண்டையை நகத்தில் வைத்ததும் இரண்டு மூன்று விநாடி தன் வடிவத்தில் நிற்க வேண்டும், பிறகு மெல்லப் படர வேண்டும். வைத்த உடனே தண்ணீர் போல் ஓடினால் லிக்விட் அதிகம். ஓடியது தோலில்தான் போய் நிற்கும். அங்கே ஒட்டியது தோலோடு சேர்ந்து அசையும், அசையும் இடத்தில் விரிசல் விழும். கிளம்புவது மட்டுமல்ல, இறுகாத லிக்விட் அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது, வாடிக்கையாளருக்கும் சரி, உங்களுக்கும் சரி.

பல்செட் பட்டறை

நான் நகக்காரன் இல்லை, பல்செட் செய்யும் லேபில் வேலை. ஆனால் இரண்டும் ஒரே குடும்பப் பொருள். 1954-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிரெட்ரிக் ஸ்லாக் என்ற பல் மருத்துவர் தன் உடைந்த நகத்தைப் பல் அக்ரிலிக்கால் ஒட்டிச் சரிசெய்ததிலிருந்துதான் உங்கள் தொழிலே தொடங்கியது என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு நீங்கள் கொஞ்சம் கமிஷன் தர வேண்டும்!

விஷயத்துக்கு வருகிறேன். மலிவு லிக்விட் என்றீர்களே, லேபிளைப் படித்தீர்களா? நகத்துக்கு எத்தில் மெதாக்ரிலேட் இருக்க வேண்டும். நாங்கள் பல்செட்டுக்குப் பயன்படுத்தும் மெத்தில் மெதாக்ரிலேட் நகத்துக்கு ஆகாது. நகம் சேதமாகி, தோல் அழற்சி வந்து புகார்கள் குவிந்ததால், அமெரிக்காவில் 1970-களிலேயே அதைக் கலப்பில்லாமல் விற்ற நகப் பொருட்களை நீதிமன்றம் போய் நிறுத்தினார்கள். அது மிகக் கடினமாக இறுகும். நகம் எங்காவது இடித்தால் அக்ரிலிக் உடையாது, அடியில் இருக்கும் சொந்த நகம்தான் பிய்ந்துகொண்டு வரும். அசிட்டோனில் அரைமணி நேரம் ஊறவைத்தும் இளகாமல் கல் போல் நின்றால் அந்தப் பாட்டிலை நம்பாதீர்கள்.

இரண்டு நாற்காலி

லேபிளைப் பார்த்தேன் அண்ணா, எத்தில் மெதாக்ரிலேட் என்றுதான் இருக்கிறது. நேற்று ஒருவருக்குக் கழற்றினேன், இருபத்தைந்து நிமிடத்தில் கூழாகிவிட்டது. அக்கா சொன்ன உருண்டையையும் கவனித்தேன், உடனே ஓடவில்லை. தோலிலிருந்து ஒரு மயிரிழை இடம் விட்டுத்தான் வைக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். கிளம்பிய இடத்தில் நகப் பசை விட்டு அழுத்தி அனுப்பினேன். அதில் ஒருவருக்கு நகத்தின்மேல் பச்சையாக ஒரு புள்ளி வந்திருக்கிறது. பூஞ்சையா?

பழைய தூரிகை

ஐயோ, அதை இனிமேல் செய்யாதீர்கள். கிளம்பிய இடுக்கில் தண்ணீர் புகுந்திருக்கும், அதன்மேல் பசை விட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது போல. பச்சை பெரும்பாலும் பூஞ்சை அல்ல, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. அந்த நகத்தை முழுதாகக் கழற்றிவிடுங்கள், மேலே எதுவும் பூசாதீர்கள், தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விரலில் பட்ட ஃபைலைக் குப்பையில் போடுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. நீங்கள் போட்ட மூன்று படத்திலும் வலது கைதான் இருக்கிறது. தற்செயலா?

இரண்டு நாற்காலி

நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு வலது கை. ஒருவருக்கு மட்டும் இரண்டு கையிலும். நான் இதைக் கவனிக்கவே இல்லை!

அடுக்களை ராணி

வலது கையால்தானே சாப்பிடுகிறோம், பாத்திரம் தேய்க்கிறோம். அதனால் இருக்கும். எனக்கு மஞ்சள் கறை பட்டதும் வலது கையில்தான்.

பழைய தூரிகை

நல்ல யோசனை. ஆனால் வேலை செய்து நெம்புவதால் வருவது என்றால் நுனியிலிருந்தோ பக்கவாட்டிலோ தொடங்கும். அந்த எட்டுப் பேரில் இடக்கைப் பழக்கம் உள்ளவர் யாராவது உண்டா?

இரண்டு நாற்காலி

ஒரு கல்லூரிப் பெண், இடது கையால் எழுதுபவள். அவளுக்கும் வலது கையில்தான் கிளம்பியது.

பழைய தூரிகை

அப்படியானால் வாடிக்கையாளர் வீட்டில் என்ன செய்கிறார் என்பதை விட்டுவிட்டு, உங்கள் மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எந்தக் கையில் தொடங்குகிறீர்கள்? ஒரு கையை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததா, அல்லது பத்து விரலையும் சேர்த்துத் தயார் செய்துவிட்டா?

இரண்டு நாற்காலி

முன்பு ஒவ்வொரு கையாகத்தான். முகூர்த்த நாள்கள் நெருங்கியதும் நேரம் மிச்சமாகட்டும் என்று பத்து விரலுக்கும் பிரைமர் வரை முடித்துவிட்டு, இடது கையில் அக்ரிலிக் தொடங்குகிறேன். அது முடிய நாற்பது நிமிடம் ஆகும். இந்த மாற்றமும் ஆறு வாரத்துக்கு முன்புதான்!

பழைய தூரிகை

அந்த நாற்பது நிமிடம் வலது கை எங்கே இருக்கிறது? நாளை ஒருவரை ஒன்றும் சொல்லாமல் கவனியுங்கள்.

இரண்டு நாற்காலி

கவனித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பிரைமர் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வலது கை தலைக்குப் போய்விட்டது. காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. சரிந்த பூவைச் செருகினார். பிறகு கைபேசி. பிறகு தாடையைச் சொறிந்தார், மறுபடி பூ. நான் இடது கை மோதிர விரலில் குனிந்து உருண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பிரைமரை மாற்றி மாற்றி வாங்கிய பணத்துக்கு ஒரு நல்ல தூரிகையே வாங்கியிருக்கலாம்.

பழைய தூரிகை

வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கும் ஒரு காலத்தில் இதே கதைதான், அங்கே மருதாணிக்காரர் தடவிய நீலகிரித் தைலம். பழைய முறைக்கே திரும்புங்கள். ஒரு கையை முடித்த பிறகு, இரண்டாவது கையைக் கழுவச் சொல்லி, நன்றாக உலர்த்தி, அதன்பின் தயார் செய்யுங்கள். நலங்கு முடிந்து எண்ணெயும் மஞ்சளுமாக வரும் மணப்பெண்ணுக்கு வந்தவுடனே சோப்புப் போட்டுக் கழுவல். மேசை விசிறி நேராக நகத்தின்மேல் வீசினால் திருப்பி வையுங்கள், லிக்விட் ஆவியாகி உருண்டை சீக்கிரம் வறண்டுவிடும்.

இரண்டு நாற்காலி (மூன்று வாரம் கழித்து)

அக்கா, ஏழு பேருக்கு ஒவ்வொரு கையாகச் செய்தேன். நகம் வளர்ந்த இடைவெளியை நிரப்ப ரீஃபில்லுக்கு வந்தபோது ஒரே ஒரு கட்டைவிரல்தான் கிளம்பியிருந்தது, அதுவும் இடது கை. அந்த விரலில் உருண்டை தோலில் பட்டது எனக்கே தெரியும், துடைக்கச் சோம்பல்பட்டுவிட்டேன். பச்சைப் புள்ளி வந்தவர் மருத்துவரிடம் போய்விட்டு வந்தார், நகம் வளர்ந்து அந்தக் கறை மேலே நகர்ந்துகொண்டிருக்கிறது. அவருக்கு இப்போதைக்கு மருதாணி மட்டும்.