சிவப்பு எச்சரிக்கை வந்தால் முழு இரவு ஜெபத்தை நிறுத்துவது அவிசுவாசமா?

தேயிலைச்சாரல்:
மண்சரிவு சிவப்பு எச்சரிக்கை இருக்கிற நேரத்தில், மண்மேட்டுக்குக் கீழே உள்ள சபையில் வெள்ளி இரவு ஜெபம் நடத்தலாமா? சுயபுத்தியின்மேல் சாயாதே என்று நீதிமொழிகள் 3:5 சொல்கிறது, அதனால் நடத்தணும் என்கிறார்கள் சிலர். வசனத்தோடு பேசுங்கள்.

சீயோன்மலை:
நடத்தணும். அப்போஸ்தலர் 27இல் பவுல் பயணம் வேண்டாம் என்றார். நூற்றுக்கதிபதி கேட்டானா? 11ஆம் வசனத்தில் மாலுமியின் பேச்சையும் கப்பல் எஜமானின் பேச்சையும்தான் நம்பினான். கடலை அறிந்தவர்கள் சொன்னபடி போன கப்பல் உடைந்தது. யோசுவா 9:14ஐயும் பாருங்கள். கிபியோனியர் கொண்டுவந்த பூசணம்பூத்த அப்பத்தைப் பார்த்து, தூர தேசத்தார் என்று இஸ்ரவேலர் நம்பினார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. கண்ணால் கண்டதே ஏமாற்றிவிட்டது.

பதுளைப்பாதை:
சகோதரர், அந்த அதிகாரத்தை முழுசா வாசிங்க. 9ஆம் வசனத்தில் நோன்புகாலம் கடந்துபோச்சு, பருவம் சரியில்லைன்னுதான் பவுல் எச்சரிக்கிறார். அந்த இடத்தில் தரிசனம் எதையும் அவர் சொல்லல. மறுத்தவங்க காரணம் 12இல் இருக்கு: அந்தத் துறைமுகம் தங்க வசதியில்லை. வசதிதான் அவங்களைத் தள்ளிவிட்டது, கடல் அறிவு இல்ல.

அப்புறம் தேவதூதன் மூலம் வாக்கு கிடைக்குது, ஒரு உயிரும் போகாதுன்னு. வாக்கு வந்த பிறகும் மாலுமிகள் விழுது, அதாவது ஆழம் அளக்குற கயிறு, விட்டுப் பார்க்கிறாங்க: 20 பாகம் (ஒரு பாகம்னா இரண்டு கையும் விரிச்ச நீளம்), கொஞ்சம் தள்ளி 15 பாகம். பாறையில் மோதிடும்னு பயந்து நாலு நங்கூரம் போடுறாங்க. அந்த மாலுமிகள் படகில் ஓடப் பார்த்தப்போ, இவங்க கப்பலில் இல்லாட்டி நீங்க பிழைக்கமாட்டீங்கன்னு சொன்னது பவுலேதான். கடைசியில் 276 பேரும் கரை சேர்ந்தாங்க. மழைமானிதான் நம்ம விழுது.

கண்டிக்கோயில்:
சீராக் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது.

சீயோன்மலை:
அது உங்கள் கத்தோலிக்க வேதாகமத்தில். எங்களுடையதில் இல்லை.

கண்டிக்கோயில்:
சரி, ஏசாயா 38 இரண்டிலும் உண்டே. எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருவதாக வாக்கு. அதே அதிகாரத்தில் பிளவைக்கு அத்திப்பழ அடை வைக்கச் சொன்னவர் அதே தீர்க்கதரிசி.

சீயோன்மலை:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எச்சரிக்கை ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் வருகிறது, எல்லா மேடுமா சரிகிறது? மழைக்காலம் தோறும் இப்படி நிறுத்தினால் ஆராதனையே இருக்காது. தானியேல் 3இல் அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும், தேவன் விடுவிக்காவிட்டாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள்.

பதுளைப்பாதை:
அவங்களைக் கட்டி உள்ளே போட்டாங்க. தாங்களா நடந்து போகல. தேவாலய உப்பரிகையில் இயேசுகிட்ட 91ஆம் சங்கீதத்தைச் சொல்லி "குதி"ன்னது யாருன்னும் யோசிங்க.

எச்சரிக்கை பரந்ததுன்னு நீங்க சொல்றது சரி. அதனாலதான் இடத்திலேயே அளக்கணும். மண்சரிவு எச்சரிக்கை விடுற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மழைக் கணக்கு: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறணும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேறணும்.

அளக்க, பக்கம் நேரான பிளாஸ்டிக் போத்தல் போதும். கழுத்து குறுகத் தொடங்குற இடத்தில் வெட்டி, மேல்பாகத்தைப் புனலா கவிழ்த்து வைங்க. அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பாகம் வரைக்கும் தண்ணி ஊற்றி, அங்க பூச்சியம் குறிச்சு அடிமட்டத்தை (அளவுகோலை) ஒட்டுங்க. அடித்தண்ணி ஊத்தாட்டி அடிப்பாகத்து மேடுபள்ளம் கணக்கைக் கெடுக்கும். லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டு) கூரைத் தகரத்தின் ஓரம் வச்சா வடியுற தண்ணியும் சேர்ந்து கூடக் காட்டும், மரத்தடியில் குறையக் காட்டும்.

அளவு எட்டாட்டியும், ஊத்து திடீர்னு கலங்கினா, இல்ல நின்னா, நிலம் வெடிச்சா, கதவு இறுகினா, கம்பம் சாஞ்சா உடனே கிளம்பணும். மழை விட்டதும் திரும்பி வர்றதுதான் பெரிய தப்பு. மண்ணுக்குள்ள தண்ணி இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கும்.

கண்டிக்கோயில்:
பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29 காலையில்.

சீயோன்மலை:
அதை விசுவாசத்தின் மேல் போடாதீர்கள். ஜனங்கள் அங்கே இருந்தது போக வேறு காணி இல்லாததால். எச்சரிக்கை எழுதின மனுஷ ஞானம் வீடு கட்டிக் கொடுக்கவில்லையே!

பதுளைப்பாதை:
அதில் உங்க பக்கம்தான் நான். அதுக்காக நாமளும் அதே மேட்டுக்கடியில் சனத்தைக் கூட்டணுமா? ஜெபத்தை நிறுத்தச் சொல்லல, இடத்தைத்தான் மாத்தச் சொல்றேன்.

சீயோன்மலை:
இடம் மாற்றலாம், அதில் எனக்குத் தடையில்லை. பாடசாலை மண்டபம் என்றால் மேட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் இரவில் அதன் சாவி யார் கையில்? நடக்க முடியாத வயசாளிகளைக் கீழ் லயத்திலிருந்து யார் தூக்கிவருவது?

தேயிலைச்சாரல்:
சாவிக்கு அதிபரையும் கிராம உத்தியோகத்தரையும் வியாழனுக்குள் கேட்கணும். தூக்க ஒரு ஆளுக்கு நாலு பேர், ஒரு கம்பளி, இரண்டு மூங்கில். இருட்டுவதற்கு முன்னே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.