கொண்டை ஊசி வளைவில் கார்ட்டின் பின்பக்கம் சுழன்றுவிடுகிறது: காரணம் என்ன?

கணவாய்க்காற்று, கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலந்தாவளம் வழியாகக் கோவைப் பக்கம் போய், வாடகைக் கார்ட் (தடத்தில் ஓட்டும் சிறிய, தாழ்வான பந்தய வண்டி) ஓட்டிப் பழகுகிறேன். பந்தயக்காரனாகும் எண்ணம் இல்லை. வண்டியின் பிடிப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும், அந்த இடத்திலும் வண்டி என் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

சிக்கல் இதுதான். நீண்ட நேர்பாதை முடிந்ததும் வலப்புறம் ஒரு கொண்டை ஊசி வளைவு வருகிறது. பிரேக்கை அழுத்தியபடி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போய், கார்ட் வந்த திசையைப் பார்த்து நின்றுவிடுகிறது. பயந்து பிரேக்கை லேசாகத் தொட்டால், முன்சக்கரங்கள் திரும்பியிருந்தும் கார்ட் நேராகவே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இங்கே கற்பதில் எது சாலையில் கார் ஓட்ட உதவும்? அப்பாவின் காரை நெல்லியாம்பதி மலைப்பாதையில் ஓட்டுகிறவன் நான்.

வாளையார் வாசகர்

எல்லாக் கார்ட்டிலும் இப்படி ஆகிறதா, குறிப்பிட்ட ஒன்றில் மட்டுமா? முதல் சுற்றுகளில் டயர் சூடேறியிருக்காது, அப்போது பிடிப்பு குறைவாகவே இருக்கும். அதையும் சொல்லுங்கள்.

கணவாய்க்காற்று

எந்தக் கார்ட்டைக் கொடுத்தாலும் இப்படித்தான். டயர் சூடேறிய பிறகும் மாற்றம் இல்லை.

சிவப்பு ஹெல்மெட்

நண்பரே, அந்தச் சுழற்சியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பிரேக்கால் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடித்தால் வளைவு சீக்கிரம் முடிந்துவிடும். பந்தயக் காணொளிகளில் எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள்!

பொள்ளாச்சி மெக்கானிக்

மேலே சொன்னதை இப்போதைக்குச் செய்யாதீர்கள் தம்பி. வழுக்கும் டயர் வேகத்தைத் தின்றுவிடும். வாடகைக் கார்ட்டில் இருப்பது சிறிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், பெரும்பாலும் 200 அல்லது 270 சிசி. இழந்த வேகத்தை மீட்க அதற்கு வலு போதாது. வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைக் காப்பாற்றுகிறீர்கள் என்பதில்தான் சுற்று நேரம் அடங்கியிருக்கிறது.

உங்கள் சிக்கலின் வேர் பின் அச்சில் இருக்கிறது. மாட்டு வண்டியில் சக்கரங்கள் அச்சின் மேல் தனித்தனியாகச் சுழல்கின்றன. திரும்பும்போது உட்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் போகலாம். காரில் அந்த வேலையை டிஃபரன்ஷியல் பார்த்துக்கொள்கிறது. கார்ட்டிலோ இரண்டு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று சுற்றினால் மற்றதும் அதே அளவு சுற்றியாக வேண்டும். அப்படியிருக்க, அது எப்படித்தான் திரும்புகிறது? ஸ்டீயரிங்கைத் திருப்பியதும், முன்சக்கர அமைப்பில் உள்ள சாய்வினால் உட்பக்க முன்சக்கரம் தரையை அழுத்துகிறது. சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், சற்று முறுகி, உட்பக்கப் பின்சக்கரத்தை மயிரிழை மேலே தூக்குகிறது. அது எழுந்தால்தான் கார்ட் மனம்போல் வளையும். கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது, அந்த வேலையையும் சேஸிஸின் முறுக்கம்தான் பார்த்துக்கொள்கிறது. நிற்கிற கார்ட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். முன்சட்டம் ஒரு பக்கம் உயர்வது கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது பிரேக். நீங்கள் ஓட்டும் வகைக் கார்ட்டில் பிரேக் பின் அச்சுக்கு மட்டும்தான். நிறுத்தும் வேலையும் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் வேலையும் அதே இரண்டு பின் டயர்களின் மேல் ஏறுகின்றன. பிரேக்கை அழுத்திக்கொண்டே திருப்பினால் பிடிப்பு முழுவதும் நிறுத்துவதற்கே செலவாகிவிடும். பக்கவாட்டுக்கு மிச்சம் இருக்காது, பின்பக்கம் ஓடிவிடும். பிரேக்கை லேசாகத் தொட்டால் வேகம் குறையாமலே வளைவுக்குள் நுழைகிறீர்கள். முன் டயர்களால் அந்த வேகத்தைத் திருப்ப முடியாது. அதற்குமேல் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப, டயர் தரையைத் தேய்க்குமே ஒழியப் பிடிக்காது. அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்தினால் பிடிப்பு திரும்பி வரும். கைக்கு இது கேட்காது, பழக்க வேண்டும்.

ஆகவே நேர்பாதையிலேயே, சக்கரங்கள் நேராக இருக்கும்போதே, பிரேக்கை அழுத்தமாகப் போடுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டால் பின்பக்கம் ஆடும், சத்தம் மாறும். அதற்கு ஒரு துளி முன்னால் நிறுத்துவதுதான் அளவு. வேகம் போதுமான அளவு குறைந்ததும் காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரே அசைவில், வெட்டி இழுக்காமல் திருப்புங்கள். இடது கால் பிரேக்கில் இருக்கும்போது வலது கால் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. இந்தக் கார்ட்டுகளில் இருப்பது, எஞ்சின் வேகம் ஏறியதும் தானாகவே பிடித்துக்கொள்ளும் மையவிலக்கு கிளட்ச். இரண்டையும் சேர்த்து மிதித்தால் அது வெந்துபோகும்.

வளைவுக்குள் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் டிரெயில் பிரேக்கிங் என்று ஒன்று உண்டு. அது இதற்கு அடுத்த பாடம். நேராக நிறுத்துவது கைவராமல் அதைத் தொட வேண்டாம்.

சித்தூர் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. என்னிடம் கார் பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் பானட்டுக்கு நேர் முன்னால்தான் பார்க்கிறார்கள். பிரேக் போடும்போதே வளைவின் உள்முனையைத் தேடுங்கள். அதை அடைவதற்கு முன்பே கண் வெளியேறும் பாதைக்குப் போய்விட வேண்டும். கை கண்ணைப் பின்தொடரும்.

சாலையைப் பற்றிக் கேட்டீர்கள். கண் பழக்கமும், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடிக்கும் பழக்கமும் அப்படியே உதவும். போத்துண்டி அணையைத் தாண்டி மலை ஏறும்போது உங்களுக்கே தெரியும். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். இடது காலால் பிரேக் மிதிப்பதை மட்டும் கார்ட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கிளட்சை மிதித்துப் பழகிய கால் பிரேக்கின் மேல் விழுந்தால் கார் குத்திட்டு நிற்கும், பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். பிரேக்கைப் பொறுத்தவரை காரின் கதையே வேறு. அங்கே பெரும்பகுதி வேலையைச் செய்வது முன்சக்கர பிரேக். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் அவசரத்தில் முழு பலத்தோடு மிதித்து, மிதித்தபடியே திருப்பலாம். கார்ட்டில் பழகிய கால் அந்த இடத்தில் தயங்கக் கூடாது. எல்லையைத் தொட்டுப் பார்ப்பது தடத்தில் மட்டும். மலைப்பாதையில் எதிரே பஸ் வரும், தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நடந்து வருவார்கள்.

வாளையார் வாசகர்

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் போட்டி நடக்கும் நாளில் ஒருமுறை போய், வளைவு தெரியும் இடத்தில் நில்லுங்கள். கோவைக்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார் என்பதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள். அந்த ஊரின் பந்தயத் தடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. யார் எங்கே பிரேக் போடுகிறார், எஞ்சின் சத்தம் எந்த இடத்தில் மறுபடி எழுகிறது என்று காதால் கேட்டாலே பாதி புரிந்துவிடும்.

கணவாய்க்காற்று

எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிறு நேராக பிரேக் போட்டு, காலை எடுத்துவிட்டுத் திருப்பினேன். சுழற்சி நின்றுவிட்டது! உட்பக்கப் பின்சக்கரம் எழும் நொடியில் கார்ட் இலேசாகிச் சட்டென்று வளைவது இடுப்பில் தெரிகிறது அண்ணா. ஆனால் வளைவு முடியும் இடத்தில் வெளி ஓரத்துக்கு வெளியே தள்ளப்படுகிறேன். முழு ஆக்சிலேட்டர் கொடுக்க முடியவில்லை.

பொள்ளாச்சி மெக்கானிக்

சீக்கிரமே திரும்பிவிடுகிறீர்கள். வெளி ஓரத்தில் இன்னும் சற்று தூரம் நேராகப் போய், அதன் பிறகு திரும்புங்கள். உள்முனையைத் தொடும் இடம் வளைவின் நடுவைத் தாண்டி இருக்க வேண்டும். அப்போது கார்ட்டின் மூக்கு முன்னதாகவே வெளியேறும் பாதையைப் பார்த்திருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் தளர்த்திக்கொண்டு வெளி ஓரம்வரை ஓடவிடலாம். நேர அட்டையை ஒப்பிடும்போது அதே கார்ட்டின் நேரங்களை மட்டும் ஒப்பிடுங்கள். வாடகைக் கார்ட்டுகள் ஒன்றைப் போல் ஒன்று ஓடாது.

கணவாய்க்காற்று

செய்து பார்க்கிறேன் அண்ணா. ஜூன் பிறந்தால் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். தடம் நனைந்திருந்தால் ஓட்ட விடுவார்களா? விட்டால் இதே பாதையில்தான் போக வேண்டுமா?

பொள்ளாச்சி மெக்கானிக்

விடுவதும் விடாததும் அவர்கள் முடிவு. விட்டால் பாதையை மாற்றுங்கள். எல்லோரும் ஓடி ஓடி ரப்பர் படிந்த பாதை ஈரத்தில் வழுக்கும். கொண்டை ஊசி வளைவில் அந்தப் பாதைக்கு வெளியே, சொரசொரப்பான தரையில் சுற்றி வாருங்கள். தூரம் கூடினாலும் பிடிப்பு கிடைக்கும். பிரேக்கை இன்னும் முன்னதாக, பாதி அழுத்தத்தில் போடுங்கள்.