ஹாலில் லாம்ப் புரொஜெக்டர் மாட்டுவது: ஃபேன் குறுக்கே வருகிறது, வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை

புதுத்திரை (கேள்வி)

வணக்கம். ஹால் நீளம் 4.6 மீட்டர், அகலம் 3.4 மீட்டர். அகலச் சுவரில் திரை வரப்போகிறது. கையில் இருப்பது லாம்ப் வைத்த டி.எல்.பி. (நுண்கண்ணாடிகள் உள்ள சிப்பால் படம் காட்டும்) புரொஜெக்டர். 1920 × 1080, பெட்டியில் 3500 லூமென் (வெளிச்ச அளவு), எடை 3 கிலோ. கையேட்டில் த்ரோ ரேஷியோ 1.48 – 1.62, ஆஃப்செட் 116% என்று போட்டிருக்கிறது. லென்ஸ் ஷிஃப்ட் (பெட்டியை அசைக்காமல் படத்தை நகர்த்தும் வசதி) இல்லை, மேல்கீழ் கீஸ்டோன் (சாய்வால் கோணலாகும் படத்தை நேராக்குவது) மட்டும் உண்டு.

கான்கிரீட் சீலிங், உயரம் 2.75 மீட்டர். ஹாலின் நடுவில் ஃபேன், இறக்கை தரையிலிருந்து 2.35 மீட்டரில் சுற்றுகிறது. சீலிங்கை ஒட்டி மாட்டினால் ஃபேன் நிழல் விழுமா? பேசாமல் மேசையில் வைத்துவிடலாமா? 100 அங்குலம் போதுமா, 120 போகலாமா? எச்.டி.எம்.ஐ. கேபிள் சுவர் வழியாகச் சுற்றி வர 12 மீட்டர் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் லாம்புக்கு என்ன ஆகும்? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் வெளிச்சம் கண்ணில் படுவதும் பயமாக இருக்கிறது.

ஒளிக்கோடு

கையேட்டு எண்களையும் ஃபேன் உயரத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டீர்கள். சுவரில் ஓட்டை போடும் முன்பே முழுக் கணக்கையும் முடித்துவிடலாம்.

16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரை என்றால் அகலம் 221 செ.மீ., உயரம் 124.5 செ.மீ. த்ரோ ரேஷியோ என்பது தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது. ஆகவே 2.21 × 1.48 = 3.27 மீட்டர், 2.21 × 1.62 = 3.58 மீட்டர். லென்ஸ் முகப்பு திரையிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 3.4 மீட்டரில் வையுங்கள். ஜூமை இரண்டு பக்கமும் கொஞ்சம் திருப்ப இடம் மிஞ்சும்.

ஆஃப்செட் 116% என்றால், லென்ஸின் மையத்திலிருந்து படத்தின் தூர விளிம்பு வரை படத்தின் உயரத்தைப்போல் 1.16 மடங்கு. அப்படியானால் கிட்ட இருக்கும் விளிம்பு 16% தள்ளி, அதாவது 20 செ.மீ. தள்ளி விழும். தலைகீழாகத் தொங்கவிட்டால் படத்தின் மேல் விளிம்பு லென்ஸுக்கு 20 செ.மீ. கீழே.

இப்போது ஃபேன். சீலிங்கை ஒட்டி மாட்டினால் லென்ஸ் ஏறக்குறைய 2.6 மீட்டரில் நிற்கும். படம் 2.4இலிருந்து 1.15 மீட்டர் வரை விழும். ஃபேனின் மையம் வரும் இடத்தில் ஒளிக்கற்றை 2.54 மீட்டரிலிருந்து 2.13 மீட்டர் வரை பரவியிருக்கும். உங்கள் இறக்கை சுற்றுவது 2.35இல், கற்றையின் நடு வயிற்றில். படம் விடாமல் வெட்டி வெட்டி வரும்.

தீர்வு மேலே போவதில் இல்லை, கீழே இறங்குவதில் இருக்கிறது. தலைகீழாகத் தொங்கும் புரொஜெக்டரிலிருந்து, ஆஃப்செட் 100%க்கு மேல் இருந்தால், எந்தக் கதிரும் லென்ஸின் மட்டத்துக்கு மேலே போகாது. எல்லாமே கீழ்நோக்கித்தான் போகும். லென்ஸ் இறக்கைக்குக் கீழே இருந்துவிட்டால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நிழல் கிடையாது. லென்ஸை 2.2 மீட்டரில் வையுங்கள், 15 செ.மீ. இடைவெளி கிடைக்கும். படம் 2.0 மீட்டரில் தொடங்கி 0.75 மீட்டரில் முடியும். சோபாவில் உட்கார்ந்தவர் கண் சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். அது படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வருகிறது, கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். சீலிங்கை ஒட்டியிருந்தால் கண் மட்டம் படத்தின் கீழ் விளிம்புக்கும் கீழே போயிருக்கும். ஆகவே ஃபேனே இல்லாத அறையிலும் இந்த உயரம்தான் நல்லது.

120 அங்குலம் வேண்டாம். தூரம் இடம் கொடுக்கும் (3.94 – 4.31 மீட்டர்), ஆனால் அதே 2.2 மீட்டர் லென்ஸ் உயரத்தில் படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 47 செ.மீ.க்கு இறங்கிவிடும். முன்னால் ஒரு ஸ்டூல் இருந்தாலே மறைக்கும். 100 அங்குலத்துக்கு 2.7 முதல் 3.5 மீட்டர் தள்ளி உட்காருவது கண்ணுக்கு இதம், உங்கள் அறைக்கு அதுவே பொருந்துகிறது.

ஓட்டை போடும் முன் இரண்டு காரியம். ஒன்று, மேசைமேல் 3.4 மீட்டரில் வைத்து ஓடவிட்டு, படத்தின் அகலம் 221 செ.மீ.க்கு வருகிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு, பல மாடல்களில் லென்ஸ் பெட்டியின் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். திரையின் நடுக்கோட்டுக்கு நேராக வரவேண்டியது லென்ஸ், பெட்டி அல்ல. நடுக்கோட்டைத் தரையில் கயிறு கட்டிக் குறித்து, தூக்குக்குண்டு விட்டு சீலிங்கில் புள்ளி வையுங்கள். பிராக்கெட் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளவேண்டும் என்பது அந்தப் புள்ளியிலிருந்து வரும்.

வயரிங்

சீலிங் கான்கிரீட் என்பதால் வேலை சுலபம். புரொஜெக்டர் 3 கிலோ, பிராக்கெட்டும் பைப்பும் 2 கிலோ என்று வைத்தால் மொத்தம் 5. அதைப்போல் ஐந்து மடங்கு, 25 கிலோ தாங்கும்படி பிடிமானம் இருக்கட்டும். நான்கு மூலையிலும் உலோக ஆங்கர் போல்ட் போடுங்கள், பிளாஸ்டிக் பிளக் மட்டும் போட்டுத் தொங்கவிடாதீர்கள். (ஃபால்ஸ் சீலிங் உள்ளவர்கள் இதைப் படித்தால்: ஜிப்சம் பலகையிலோ அதன் தகர ஃபிரேமிலோ மாட்டவே கூடாது. பலகையைத் துளைத்து மேலே கான்கிரீட்டில்தான் பைப்பைப் பிடிக்க வேண்டும்.)

ட்ரில் போடும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போகும் வயர் கான்கிரீட்டுக்குள்தான் ஓடுகிறது, ஃபேன் பாக்ஸிலிருந்து சுவிட்ச் பக்கம் போகும் கோட்டில் துளை விழக்கூடாது. ட்ரில்லுக்குக் கரண்ட் வேண்டுமே என்றால் பேட்டரி ட்ரில் எடுங்கள்.

புரொஜெக்டரின் அடியில் இருக்கும் திருகு ஓட்டைகள் பெரும்பாலும் எம்4. அளவையும் ஆழத்தையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான திருகு உள்ளே போர்டில் போய் இடிக்கும். பிராக்கெட்டோடு தனியாக ஒரு மெல்லிய ஸ்டீல் கம்பிவடத்தைப் புரொஜெக்டருக்கும் சீலிங் கொக்கிக்கும் கட்டிவிடுங்கள். திருகு தளர்ந்தாலும் கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் விழாது. ஃபேன் அதிர்வு பைப்புக்கு வந்தால் படம் மெல்ல நடுங்கும். அப்படி இருந்தால் முதலில் ஃபேனின் ஆட்டத்தைச் சரிசெய்யுங்கள், அப்புறம் பைப்பின் மூட்டுகளை இறுக்குங்கள்.

12 மீட்டர் எச்.டி.எம்.ஐ.: 1080பி-க்கு நல்ல செம்புக் கேபிள் 10 மீட்டர் வரை பெரும்பாலும் ஓடும், அதற்கு மேல் படம் கறுத்துக் கறுத்து வரும், புள்ளிகள் மின்னும். ஆப்டிக்கல் எச்.டி.எம்.ஐ. போடுங்கள், நாளைக்கு 4கே வந்தாலும் மாற்ற வேண்டாம். அதற்குத் திசை உண்டு: ஒரு தலை படம் அனுப்பும் பெட்டிக்கு, மறு தலை புரொஜெக்டருக்கு. மாற்றிப் போட்டால் படமே வராது. சுவருக்குள் புதைக்கும் முன் இரண்டு முனையையும் செருகி ஓட்டிப் பாருங்கள், கூர்மையாக மடக்காதீர்கள். எச்.டி.எம்.ஐ. தலை தடிமன், சின்ன பைப்பின் வளைவில் சிக்கும். 32 மி.மீ. பைப் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டுவையுங்கள். கரண்ட் வயரை அதே பைப்பில் விடாதீர்கள்.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போடுவதாக இருந்தால் அதற்கு அதன் சொந்த அடாப்டர். புரொஜெக்டரின் யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும் என்பதால், ஸ்டிக் பாதிப் படத்தில் ரீஸ்டார்ட் ஆகும். படம் நின்றுபோவதைப் பார்த்துப் புரொஜெக்டர்மேல் பழி போடுபவர்கள் நிறையப் பேர்.

கரண்ட் போவது பற்றி: லாம்ப் ஓடும்போது உள்ளே கடும் சூடு. கரண்ட் போனால் குளிர்விக்கும் ஃபேனும் நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கி லாம்பின் ஆயுளைக் குறைக்கும். 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று போதும். 300 வாட் புரொஜெக்டரைச் சில நிமிடம் தாங்கும், ரிமோட்டில் முறையாக அணைத்து ஃபேன் நிற்கும் வரை விட அது போதுமான நேரம். அதை வைத்துப் படத்தைத் தொடர வேண்டாம். கரண்ட் உடனே திரும்பினாலும் 15 – 20 நிமிடம் கழித்தே போடுங்கள். சூடான லாம்பில் பாதரச ஆவியின் அழுத்தம் அதிகம் என்பதால் தீப்பொறி பிடிக்காது, திரும்பத் திரும்ப முயன்றால் மின்முனை தேயும். மூன்று பின் சாக்கெட், எர்த் உண்மையிலேயே வேலை செய்யவேண்டும்.

நீலநிலா

குழந்தை இருக்கும் வீட்டுக்கு மேசை வேண்டவே வேண்டாம். ஆஃப்செட் கணக்கோ ஃபேனோ இல்லாவிட்டாலும் இதே பதில்தான். மேசையில் வைத்தால் லென்ஸ் சரியாக இரண்டு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேராக இருக்கும். குழந்தை வெளிச்சத்தைப் பார்த்ததும் அதன் பக்கம்தான் போகும், கிட்டப் போய் உற்றுப் பார்க்கும். பெரியவர்கள் கூசியதும் திரும்பிக்கொள்வார்கள், குழந்தை அப்படித் திரும்பும் என்று நம்பக்கூடாது.

பெட்டியின் அடியிலோ கையேட்டிலோ ரிஸ்க் குரூப் (ஒளியால் கண்ணுக்கு வரும் ஆபத்தின் வகை) என்று போட்டிருப்பார்கள். ஐ.இ.சி. 62471-5 என்ற சர்வதேசத் தரத்தின்படி வரும் எண் அது. வீட்டுப் புரொஜெக்டர்களில் பெரும்பாலும் 2 இருக்கும். பக்கவாட்டிலோ கற்றையைக் கடந்து போகும்போதோ ஒரு கணம் கண்ணில் பட்டால் ஆபத்தில்லை, கிட்ட நின்று லென்ஸையே பார்க்கக்கூடாது என்று அர்த்தம். 3 என்று இருந்தால் கையேட்டில் சொன்ன தூரத்துக்குள் யாரும் கற்றைக்குள் வரக்கூடாது, அது வீட்டுக்கு உகந்ததல்ல. 2.2 மீட்டரில் தொங்கினால் லென்ஸுக்கு அருகில் யார் முகமும் போகாது. திரைக்குப் பக்கத்தில் நின்று புரொஜெக்டரைத் திரும்பிப் பார்ப்பதைத்தான் தடுக்க வேண்டும். குழந்தை திரை முன்னால் ஆட ஆரம்பித்தால் ரிமோட்டில் படத்தை மறைக்கும் ஏ.வி. மியூட் அல்லது பிளாங்க் பட்டனை அழுத்துங்கள். ஓடும்போது லென்ஸ் மூடியைப் போட்டு மறைக்காதீர்கள், அத்தனை வெளிச்சமும் மூடியில் பட்டு சூடாகி உருகும்.

புரொஜெக்டரிலிருந்து சூடான காற்று வெளியேறும் துளைகள் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் குறைந்தது 50 செ.மீ. காலி விடுங்கள். திரைச்சீலை, துணி எதுவும் பக்கத்தில் வேண்டாம். நடுப்படத்தில் தானாக அணைந்தால் பெரும்பாலும் காற்றுவழி அடைப்புதான். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவைத்து, ஃபில்டர் இருந்தால் அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். டி.எல்.பி.யில் சூடு தொடர்ந்து ஏறினால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். நுண்கண்ணாடிகள் சில நின்றுவிட்டன என்று பொருள். அது தூசி அல்ல, துடைத்தால் போகாது, சிப்பையே மாற்ற வேண்டும்.

லாம்ப் மாற்றும்போது: பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெடிப்பு விடும். மாட்டியதும் மெனுவில் லாம்ப் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. ஓடும்போது பட்டென்று வெடித்தால் பிளக்கைப் பிடுங்கி, முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் அறையை விட்டு வெளியேறி, ஜன்னலைத் திறந்து நன்றாகக் காற்றோட விடுங்கள். துகள்களைக் கையால் பொறுக்கவோ வாக்வம் கிளீனரால் உறிஞ்சவோ கூடாது.

புதுத்திரை

மிக்க நன்றி, 2.2 மீட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். மேசையில் 3.4 மீட்டரில் வைத்துப் பார்த்ததில் அகலம் சரியாக வருகிறது. ஆனால் படத்தின் இடது ஓரம் மங்கல், வலது பக்கம் தெளிவு. அரை மணி நேரம் ஓடிய பிறகு முழுப் படமும் இலேசாக ஃபோகஸ் விலகுகிறது. லென்ஸ் கோளாறா?

ஒளிக்கோடு

முதலில் கோணத்தைப் பாருங்கள். படத்தின் இடது ஓர உயரத்தையும் வலது ஓர உயரத்தையும் டேப்பால் அளங்கள். இடது உயரம் அதிகமாக இருந்தால் லென்ஸ் இடப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, பெட்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்கள். இரண்டு உயரமும் சமமான பின்னும் ஒரே பக்கம் மங்கினால்தான் லென்ஸ் கோளாறு, உத்தரவாதத்தில் கொடுத்துவிடுங்கள்.

அரை மணியில் ஃபோகஸ் விலகுவது கோளாறு அல்ல. லென்ஸும் அதைச் சுற்றியுள்ள பாகங்களும் சூட்டில் விரிகின்றன. 20 – 30 நிமிடம் ஓடிய பிறகே, மெல்லிய எழுத்துகள் உள்ள படத்தைப் போட்டு ஃபோகஸ் வையுங்கள்.

மாட்டும்போது கீஸ்டோனைப் பூஜ்யத்தில் வைத்து, ரசமட்டம் வைத்து, சாய்வே இல்லாமல் மாட்டுங்கள். கீஸ்டோன் படத்தை டிஜிட்டலாகச் சுருக்குகிறது. 1080 வரிகளில் கொஞ்சம் வீணாகும், மெல்லிய எழுத்துகள் பிசிறடிக்கும், சுருங்கிய படத்தைச் சுற்றிச் சாம்பல் வெளிச்சம் தெரியும். மெனுவில் சீலிங் முறைக்கு மாற்றினால் படம் நேராகும்.

கருந்திரை

வெளிச்சக் கணக்கை யாரும் தொடவில்லை. 3500 லூமென் என்பது பச்சை தூக்கலாக வரும் அதிவெளிச்ச முறையில் கிடைப்பது. சினிமா முறையில், ஈக்கோவில் (லாம்பைக் குறைத்து ஓட்டுவது) 1500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 அங்குலத் திரையின் பரப்பு 2.75 சதுர மீட்டர், 1500-ஐ அதால் வகுத்தால் சுமார் 545 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்). சாதா மேட் வெள்ளைத் திரையில் இது ஏறக்குறைய 170 நிட் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவு). டிஜிட்டல் திரையரங்குக்கு வகுத்த அளவே 48 நிட்தான். இருட்டில் ஈக்கோ தாராளம், லாம்பும் நீண்ட நாள் வரும். லாம்பின் ஆயுள் என்று போடும் மணிநேரம் வெளிச்சம் பாதியாகும் வரையிலானது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் ஹால் விளக்கு திரைமேல் 100 லக்ஸ் விழுந்தால் கறுப்பே 100 லக்ஸ். 645க்கு 100, ஏறக்குறைய ஆறரை மடங்கு வித்தியாசம்தான். இரவுக் காட்சி எல்லாம் சாம்பலாகிவிடும். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. கனமான திரைச்சீலை போட்டு விளக்கை அணைத்து 2 லக்ஸுக்கு இறக்கினால் அந்த வித்தியாசம் பல மடங்கு ஏறும். அதிக லூமென் வாங்குவதைவிடத் திரைச்சீலைக்குச் செலவு செய்வது மேல். குழந்தைக்காக ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும் என்றால், திரைக்கு எதிர்ப்பக்கம், சோபாவுக்குப் பின்னால் தரையோரமாக வையுங்கள்.

திரை வாங்கும்போது, சுற்று வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்புத் திரை என்று காட்டுவார்கள். அதில் அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கானது (திரைக்கு மிக அருகே கீழே வைக்கும் புரொஜெக்டருக்கானது) கீழிருந்து வரும் ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும்படி செய்தது. உங்களுடையது 2.2 மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது, அதில் போட்டால் படம் மங்கிப்போகும். மேட் வெள்ளை, கெயின் (திரை ஒளியைத் திருப்பும் அளவு) 1.0, சுற்றிலும் கறுப்பு விளிம்பு உள்ளதை எடுங்கள்.