கொழுந்தனார் அனுப்பும் கருவியா, காரோடு வரும் திரையா, கையில் இருக்கும் போனா?

கேட்டவர்: தண்டையார்பேட்டை சமையல்காரி

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். வளைகாப்பு, நிச்சயதார்த்தம், அறுபதாம் கல்யாணம் என்று நூறு இலை வரைக்கும் ஏற்றுக்கொள்வேன். இவ்வளவு நாளும் எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர்தான் எனக்கு வழியும் வாகனமும். மூட்டுவலி தாங்காமல் அவர் ஆட்டோவை விற்றுவிட்டார். அதனால் நாற்பத்தெட்டு வயதில் ஓட்டுநர் பள்ளிக்குப் போய், உரிமமும் எடுத்து, இப்போது ஒரு சின்னக் கார் வாங்கப்போகிறேன்.

காரைப் பற்றிக் குழப்பமில்லை, வழி காட்டுவதைப் பற்றித்தான் குழப்பம். ஜி.பி.எஸ். வரைபடம் காரிலேயே பதிந்து வரும் மாடல் வேண்டுமென்றால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கூடுதல் என்கிறார் விற்பனையாளர். துபாயில் இருக்கும் கொழுந்தனார், தன் பழைய காரில் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த கருவியை இலவசமாக அனுப்புகிறேன் என்கிறார். "எதற்கம்மா இதெல்லாம், போன் போதும்" என்கிறான் மகன்.

போன் போதும் என்று நம்பித்தான் சென்ற மாதம் அக்கா மகனுடைய காரை வாங்கிக்கொண்டு கொடுங்கையூருக்குப் புறப்பட்டேன். பின்னால் எண்பது பேருக்குச் சாப்பாடு. பதினான்கு நிமிடம் என்றது போன். கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் போய் நின்றால், ஒரு சரக்கு ரயில் போய், இன்னொன்று வந்து, முப்பத்தைந்து நிமிடம். கேட் திறந்த பிறகு அந்தப் பெண் குரல் என்னை ஒரு சந்துக்குள் திருப்பியது. இரண்டு பக்கமும் வீட்டுப் படிகள், நடுவில் அடிபம்பு. பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுத்ததில் ரசம் பாதி டிக்கியில். வரைபடத்தில் கோடு இருந்தால் அதில் கார் போகும் என்று யார் சொன்னது?

இதே தவறைக் காரோடு வரும் கருவி செய்யாதா? கூடுதல் பணத்துக்கு அர்த்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வடசென்னையில் ஓட்டுபவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. அண்ணா நகர் அனுபவம் எனக்கு உதவாது.

பதில் 1: மாதவரம் மேற்கு

காரோடு வரும் திரையை வாங்குங்கள் சகோதரி. நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். திரை பெரியது, வெயிலிலும் தெளிவாகத் தெரிகிறது, வயர் தொங்காது. ஆந்திரப் பக்கம் போகும்போது சிக்னல் இல்லாத இடத்திலும் அது பாட்டுக்கு வழி சொல்லும். உள்ளூரில் நான் அதைப் போடுவதே இல்லை, அது வேறு விஷயம்.

பதில் 2: காசிமேட்டுப் பெரியவர்

அம்மா, நான் விசைப்படகில் இருந்தவன். ஜி.பி.எஸ். எங்களுக்கு அன்றாடக் கருவி. வலை போட்ட இடம், பாறை இருக்கும் இடம், திரும்ப வேண்டிய முகத்துவாரம் எல்லாவற்றையும் புள்ளிகளாகக் குறித்து வைத்துக்கொள்வோம். நடுக்கடலில் டவர் ஏது? ஆனாலும் அது வேலை செய்யும். இதை நீங்கள் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அது நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் சொல்லிக்கொண்டே போகும். நம் கருவி கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் குரல் காதில் விழுந்தால் நீங்கள் நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டுவிடும். இதற்கு இணையமும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். உங்கள் போனிலும் இதே வித்தைதான், காரின் திரையிலும் இதே வித்தைதான்.

ஆக, "நீ இங்கே நிற்கிறாய்" என்று சொல்வது ஒருவர். "இங்கே ஒரு தெரு இருக்கிறது" என்று சொல்வது வேறொருவர், அவர் வரைபடம் போட்டவர். "அந்தத் தெருவில் இப்போது நெரிசல்" என்று சொல்வது மூன்றாமவர், அவருக்குத்தான் இணையம் வேண்டும். உங்கள் ரசத்தைக் கொட்டவைத்தவர் இரண்டாமவர். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்தாலும் அவர் திருந்த மாட்டார். கடலில் எங்களுக்குத் தெருவே கிடையாது, அதனால் முதல் ஆள் ஒருவரே போதும்.

கொழுந்தனார் கருவியைப் பற்றி ஒரு சொல். அதில் வளைகுடா நாடுகளின் வரைபடம்தான் இருக்கும். இந்திய வரைபடம் கிடைக்கிறதா, அதற்கு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். எந்த ஆண்டுக் கருவி என்பதும் முக்கியம். ஜி.பி.எஸ். வாரங்களை 0 முதல் 1023 வரைதான் எண்ணும், பிறகு மறுபடியும் பூஜ்யம். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் அதற்குப் பிறகு தேதியைத் தப்பாகக் காட்டின. என் நண்பருடைய படகில் இருந்த ஒன்று தேதியைச் சுமார் இருபது ஆண்டு பின்னால் காட்டி, அவரை அத்தனை வயது இளையவராக்கிவிட்டது. அவர் அதைச் சரிசெய்ய விரும்பவில்லை.

பதில் 3: பன்னிரண்டு வோல்ட்

கார் எலக்ட்ரீஷியன், மூலக்கடைப் பக்கம் கடை. பெரியவர் சொன்னது சரி. ஆனால் காரோடு வரும் கருவிக்கு ஒரு பெருமை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆன்டெனா பெரும்பாலும் கூரைமேல் இருக்கும், வானத்தை நேராகப் பார்க்கும். சில கார்களில் சக்கரம் சுற்றும் கணக்கும் திரும்பும் கணக்கும் அந்தத் திரைக்குப் போகும். செயற்கைக்கோள் தெரியாத சுரங்கத்திலும் "இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம்" என்று அதுவாகவே கணித்துக்கொள்ளும். நீளமான மலைச்சுரங்கங்களில் அது பெரிய உதவி. நம் பக்கத்துச் சுரங்கப்பாதையை அரை நிமிடத்தில் கடந்துவிடுவோம். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதைக்குள் இறங்கலாமா என்பதுதான் நம் கேள்வி. அதற்குச் சக்கரக் கணக்கு பதில் சொல்லாது.

குறை என்னவென்றால் புதுப்பித்தல். சில மாடல்களில் புது வரைபடத்துக்குச் சர்வீஸ் நிலையம் போக வேண்டும், இலவசக் காலம் முடிந்தால் காசும் கேட்பார்கள். மெட்ரோ வேலைக்காக மூலக்கடை, பெரம்பூர் பக்கமெல்லாம் சாலையைத் திருப்பித் திருப்பி விட்டார்களே, அது பழைய வரைபடத்துக்கு எப்படித் தெரியும்? திரை கெட்டுப்போனால் பாட்டு, பின்பக்க கேமரா எல்லாம் சேர்ந்தே போகும். போன் கெட்டால் போனை மட்டும் மாற்றுவீர்கள்.

விற்பனையாளரிடம் இதைக் கேளுங்கள்: ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே உள்ள திரை நடு மாடலிலேயே வருகிறதா? வந்தால் உங்கள் போனில் இருக்கும் வரைபடமே காரின் பெரிய திரையில் தெரியும். வரைபடத்துக்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். வராவிட்டால் நல்ல தாங்கி ஒன்று வாங்கி, ஏசி காற்று வரும் இடத்தில் போனைப் பொருத்துங்கள். கண்ணாடியின் கீழே டேஷ்போர்டில் வைத்தால் நம் ஊர் மே மாத வெயிலில் போன் கொதித்துத் தானாக அணைந்துவிடும். முன்கண்ணாடியில் உலோகம் கலந்த ஃபிலிம் ஒட்டச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சிக்னலை அது தடுக்கும்.

பதில் 4: ஜி.என்.டி. சாலை

வாடகைக் கார் ஓட்டுகிறேன் அக்கா. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கு மண்டபத்தின் முகவரி எப்படி வருகிறது? வாட்ஸ்அப்பில் லொக்கேஷனாகத்தானே? போனில் அதைத் தொட்டால் வழி வந்துவிடும். தனிக் கருவியிலும், போனோடு பேசாத கார்த் திரையிலும் அதை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். "மூன்றாவது பள்ளத் தெரு, மாரியம்மன் கோயில் பின்புறம்" என்று தட்டிப் பாருங்கள், தெரியும். உங்கள் தொழிலுக்குப் போனை விட்டால் வழியில்லை என்று நான் நினைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் சும்மா நம்பக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரம் போய், டவரும் போய், போனில் வரைபடம் வெறும் சாம்பல் கட்டமாக நின்றது. நீலப் புள்ளி மட்டும் சரியாக நகர்ந்தது. அந்த வாரத்திலிருந்து கூகுள் மேப்ஸில் சென்னை, திருவள்ளூர் பகுதிகளை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்திருக்கிறேன். நெரிசல் தெரியாது, வழி தெரியும். நெரிசலைக்கூட நான் முழுதாக நம்புவதில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும்போது போன் சாலை முழுவதையும் சிவப்பாகக் காட்டும். பக்கத்தில் காருக்கு இடம் இருக்கும், நான் போய்க்கொண்டே இருப்பேன். கேட் மூடியிருக்கிறதா என்பதை எந்தக் கருவியும் எனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. டீக்கடைக்குப் போன் போடுவேன்.

இன்னொன்று, மேம்பாலம். மூலக்கடையில் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று போனுக்கு அடிக்கடி குழப்பம் வரும். அங்கே காதைவிடக் கண்ணை நம்புங்கள். ஓட்டும்போது கையில் எடுக்கவும் வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து சட்டம் வழி பார்ப்பதற்கு மட்டும் போனை அனுமதிக்கிறது, அதுவும் கவனம் சிதறாமல்.

தண்டையார்பேட்டை சமையல்காரி (மறுபடியும்)

எல்லோருக்கும் நன்றி. நடு மாடலில் போனோடு பேசும் திரை இருக்கிறதாம். முதல் நாள் விற்பனையாளர் அதை எனக்குச் சொல்லவே இல்லை, நானாகக் கேட்டதும் "ஆமாம் மேடம், இருக்கிறது" என்கிறார். விலை வித்தியாசம் முப்பத்தெட்டாயிரமாகக் குறைந்துவிட்டது. மீதியில் ஒரு பெரிய கிரைண்டர் வாங்கப்போகிறேன்.

மண்டபத்தின் பெயரோடு "வாசல் வரைக்கும் கார் வருமா, வழியில் கேட் இருக்கிறதா" என்ற கேள்வியையும் இப்போது ஆர்டர் நோட்டில் சேர்த்துவிட்டேன். நேற்று மணலியிலிருந்து ஒரு அம்மாள், "நீங்கள் சமையல் செய்ய வருகிறீர்களா, சாலை போட வருகிறீர்களா?" என்று கேட்டார். ஆனால் பொறுமையாகப் பதிலும் சொன்னார்.

காசிமேட்டுப் பெரியவருக்கு: கொழுந்தனாரிடம் விசாரித்தேன். கருவி 2011இல் வாங்கியதாம், புதுப்பித்ததே இல்லையாம். வேண்டாம் என்றால் அவர் மனம் கஷ்டப்படும், அதனால் அனுப்பச் சொல்லிவிட்டேன். தேதியைத் தப்பாகக் காட்டினால் உங்கள் நண்பருக்கு வேண்டுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.