வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள்: மேஜையில் நடந்ததும் மைதானத்தில் நடந்ததும்

ஒஹாயோவிலிருந்து:

இதை எழுதாமல் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். நம்மவர்களில் சிலர் புதிதாக ரீலோடிங் பழக ஆரம்பித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ரயில்வே பணிமனையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோடை வந்தால் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரிக்குக் கிளம்பிவிடுவார். 1907-லிருந்து துப்பாக்கிச் சுடும் தேசியப் போட்டிகள் நடக்கிற இடம் அது. அவரிடம் இருப்பது எம்1 கேரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைபிள். அந்தத் துப்பாக்கியில் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி தளர்வாக முன்னும் பின்னும் ஓடும். தோட்டாக் கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடிதான் பிரைமர்; அது கூட்டின் அடிமட்டத்தை விட ஒரு முடி அளவு துருத்திக்கொண்டிருந்தாலும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடும் வேகத்திலேயே வெடித்துவிடக்கூடும். அதனால் ஒவ்வொரு பிரைமரையும் கட்டைவிரல் நுனியால் தடவிப் பார்ப்பார். எனக்கு அவர் கற்றுத்தந்த முதல் பாடம் அந்தத் தடவல்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டை வீணாக்காமல், எரிந்த பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, டை என்கிற உலோக அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமரும் பவுடரும் (வெடிமருந்துத் தூள்) வைத்து, மேலே குண்டைப் பொருத்துவதுதான் ரீலோடிங். பணம் மிச்சமாகும் என்றுதான் எல்லோரும் நுழைகிறோம். 2020-இல் பிரைமர் தட்டுப்பாடு வந்து, கடை அலமாரிகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தபோது அந்தக் கணக்கும் போயிற்று. ஆனாலும் யாரும் விடவில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்தால் வருகிற அமைதி ஒன்று உண்டு.

என் அப்பா கரூரில் நகை வேலை செய்தவர். தராசில் கை வைத்தாரென்றால் முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பெரியவர் தன் பேஸ்மென்டில் ஹீட்டர் காற்று வரும் துவாரத்தை அட்டையால் மூடிவிட்டுத் தராசின் முன் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அப்பாவின் பட்டறைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. இங்கே எடை கிரெய்ன் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். எங்கள் தராசு காட்டும் மிகச் சிறிய வித்தியாசம் கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓர் இரவு பத்து மணி. .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு ஐம்பது தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தேன். ஐம்பது குழி உள்ள மரப்பலகையில் பிரைமர் வைத்த கூடுகள் நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்து, பவுடர் அளக்கும் கருவியின் அடியில் பிடித்து, நெம்புகோலை ஏற்றி இறக்கி, திரும்பக் குழியில் வைக்க வேண்டும். பாதியில் அம்மா கூப்பிட்டார். அங்கே காலை ஏழரை. வலது கையில் ஒரு கூடு, இடது காதில் போன். பேசியது நாலு நிமிடம்கூட இருக்காது. பேசிவிட்டு, விட்ட இடம் இதுதான் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். அந்த நினைப்பை அப்போது நான் சந்தேகிக்கவே இல்லை.

சனிக்கிழமை மைதானத்தில் பதினோரு குண்டு ஒழுங்காகப் போயின. பன்னிரண்டாவது ‘பொக்’ என்றது. பலூனிலிருந்து காற்று போகிற சத்தம். கையில் உதையே இல்லை. இலக்கு அட்டையில் ஓட்டையும் இல்லை. ஆனால் விரல் பழக்கத்தில் இருந்தது, அடுத்ததை அழுத்தப் போய்விட்டது. பெரியவர் பின்னாலிருந்து “நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினார். எழுபது வயதுக்காரரின் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

சிலிண்டரைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டினோம். பித்தளைக் கம்பியைக் குழலின் வாய்வழியாக விட்டார். பாதி வழியில் நின்றது. பவுடரே இல்லாத கூட்டில் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டு ஓய்ந்திருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பிதுங்கியிருக்கும், அல்லது கிழிந்திருக்கும். என் இரண்டு கையும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

எனக்கு அதோடு பயம் தீர்ந்தது போலிருந்தது. பெரியவருக்குத் தீரவில்லை. “ஒன்றில் இல்லை என்றால், அந்த அளவு வேறு எதில் போயிருக்கும்?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து மீதி முப்பத்தெட்டையும் பிரித்தோம். சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. தோட்டாவை அதன் தலையில் மாட்டி, மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று வந்துவிடும். முப்பத்தோராவதைப் பிரித்துத் தட்டில் கொட்டித் தராசில் வைத்தால் சரியாக இரண்டு மடங்கு.

.38 ஸ்பெஷலின் ஆபத்து இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கரிமருந்துக் காலத்து அளவில் பிறந்த கூடு அது. இடம் தாராளம். இன்றைய புகையில்லாப் பவுடர் அதில் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு தடவை போட்டாலும் வழியாது, குண்டும் தடையில்லாமல் உட்காரும். மேலே பார்த்தால் ஐம்பதும் ஒரே மாதிரி தெரியும்.

அன்றிலிருந்து போன் மாடியில்தான். பவுடர் போடாத கூடுகள் பலகையில் தலைகீழாக நிற்கும், போட்டவை மட்டும் வாய் மேலே பார்க்க நிற்கும். குண்டு பொருத்தும் முன் டார்ச் அடித்து ஐம்பதையும் வரிசையாகப் பார்க்கிறேன். பாதியில் யார் கூப்பிட்டாலும் அந்தப் பலகையில் இருப்பதை எல்லாம் டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவிடம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

டெக்சாஸிலிருந்து:

எனக்கு நேர்ந்தது சத்தமில்லாதது. கராஜில் டம்ப்ளர் வைத்திருந்தேன், காலிக் கூடுகளைச் சுற்றவிட்டுச் சுத்தம் செய்யும் இயந்திரம். சோளத்தக்கைத் தூளோடு கூடுகளைப் போட்டு மூன்று மணி நேரம் சுற்றவிட்டால் தங்கம் மாதிரி வெளியே வரும். வெளியே வெயில் அதிகம் என்று கதவை மூடிவைத்துக்கொண்டு, வெறுங்கையால் சலித்து எடுப்பேன். நடுவில் முறுக்கு சாப்பிடுவேன். பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, எரிந்த பிறகு அந்த மிச்சம் எல்லாம் இந்தத் தூசியில்தான் சேருகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை.

வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டர் என் பொழுதுபோக்கைக் கேட்டுவிட்டு, இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். குழந்தைகளுக்கு இங்கே 3.5 வந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் கராஜில் போட்டு நடந்த அதே செருப்போடு வீட்டுக்குள் வருவேன், அவள் அதே தரையில் தவழ்வாள். அவளுடைய முடிவு வர நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு இரவும் நான் தூங்கவில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது.

இப்போது உலர் டம்ப்ளரே கிடையாது. தண்ணீரும் ஸ்டீல் ஊசிகளும் போட்டுச் சுற்றுவதுதான். அதில் தூசி பறக்காது. கையுறை, தனிச் செருப்பு, தனிச் சட்டை. ஈயத்தை நீக்கவென்றே விற்கும் சோப்பால், குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுகிறேன். மேஜைக்குச் சாப்பாடு வராது. எட்டு மாதத்தில் என் எண் 5-க்கு இறங்கியது.

கோயம்புத்தூரிலிருந்து:

இங்கே ரைபிள் கிளப்பில் .22 சுடுகிறேன். காலிக் கூடுகளைப் பொறுக்கி எடுத்து, “இதை நிரப்ப முடியாதா?” என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். .22-இல் தனிப் பிரைமர் கிடையாது, பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்கிறது, அதனால் கூடு ஒரு தடவையோடு சரி என்றார். தவிர, 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதே குற்றம் என்றும் சொன்னார். படிக்கும் தம்பிமார் யாரும் இங்கே முயற்சி செய்துவிட வேண்டாம்.

ரொறன்ரோவிலிருந்து:

என்னிடம் இருக்கிறது லீ என்ஃபீல்ட் துவக்கு, த்ரீ நாட் த்ரீ (.303) தோட்டா போடுகிறது. இரண்டாம் உலகப் போர் நேரம் இங்கே பக்கத்தில் லோங் பிராஞ்ச் ஆயுதத் தொழிற்சாலையில் செய்தது. சின்ன வயதில் வளவுக்குள் கிடந்த கோது (சுட்ட தோட்டாவின் வெறும் கூடு) ஒன்றை எடுத்து ஊதி விளையாடினதுக்கு அம்மாவிடம் அடி வாங்கினனான். மனைவி இன்றைக்கும் “ஏனப்பா உங்களுக்கு இது?” என்று கேட்கிறவ. கடதாசி இலக்கைத் தவிர வேறெதையும் நான் சுட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் கோபப்பட்டதும் இல்லை.

ஒரே கோதை ஐந்தாவது முறை நிரப்பிச் சுட்டன். போல்ட்டை இழுத்தால் கோதின் அடிப்பக்கம் மட்டும் வளையம் மாதிரி வெளியே வந்தது. மிச்சம் உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றது. முகத்தில் லேசாகக் காற்றுப் பட்டது, கண்ணாடி போட்டிருந்ததால் தப்பினேன். இந்தத் துவக்குகளில் தோட்டா இருக்கிற அறை போர்க்காலத்தில் சேற்றிலும் வேலை செய்ய வேண்டும் என்று தாராளமாகக் கடைந்தது. சுடும்போது பித்தளை முன்னுக்கு நீளும். நான் ஒவ்வொரு முறையும் முழுக் கோதையும் டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர, அடிக்குக் கிட்ட ஒரு இடம் மெலிந்துகொண்டே போயிருக்கு.

இப்ப கோதின் கழுத்தை மட்டும்தான் அளவு செய்கிறன். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, கோதுக்குள் விட்டு மெல்ல மேலே இழுப்பன். அடிக்குக் கிட்டப் பள்ளத்தில் விழுகிற மாதிரி நுனி தடுக்கினால் அந்தக் கோது குப்பைக்கு. வெளியே மினுங்கிற கோடு ஒன்று தெரிந்தாலும் அப்படித்தான்.

மிச்சிகனிலிருந்து:

ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது கூடுகளை டைக்குள் அழுத்தும் பழைய பிரஸ் ஒன்று வாங்கினேன். கூடவே அரை டப்பா பவுடரும் தந்தார். லேபிள் கிழிந்திருக்கிறது. பார்க்க என்னிடம் இருக்கும் பவுடர் மாதிரியேதான் இருக்கிறது, அதே கறுப்பு, அதே சின்னத் தட்டை வடிவம். கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாமா?

ஒஹாயோவிலிருந்து:

வேண்டாம் அண்ணா. ஒரு சிட்டிகைகூட வேண்டாம். மெதுவாக எரிகிற பவுடரும் படாரென்று எரிகிற பவுடரும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நான் சொன்ன பெரியவரிடமும் அப்படி ஒரு டப்பா வந்து சேர்ந்தது. அவர் அதைப் புல்தரைக்கு எடுத்துப் போய், கோழிக்குத் தானியம் வீசுகிற மாதிரி மெல்லியதாகத் தூவி, மேலே தண்ணீர் விட்டார். அதில் நைட்ரஜன் இருக்கிறது, புல்லுக்கு உரம். நீங்களும் தூவிவிடுங்கள். பிரஸ் நல்லதென்றால் எண்ணெய் போட்டுத் துடைத்து வையுங்கள். முடிந்தால் படம் போடுங்கள், எந்த மாதிரி டை பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.