ஏழாவது ஆட்டம், மூலையில் நின்ற அரீசா

மேல்வரிசை:
2018 மே 28, NBA கூடைப்பந்து, மேற்குப் பிரிவு ஃபைனலோட ஏழாவது, கடைசி ஆட்டம்: நம்ம ஹூஸ்டன் ராக்கெட்ஸ் – கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், நாம தோத்த ஆட்டம். ஹூஸ்டன் டொயோட்டா சென்டர்ல கூரைக்குப் பக்கத்துல என் சீட்டு. நம்ம டீம் எறிஞ்ச 27 த்ரீ (தூரத்துலேர்ந்து எறியிற மூணு பாயிண்ட் ஷாட்) வரிசையா போகலைங்கிறது ஊருக்கே தெரியும், விடுங்க. எனக்கு உறுத்துறது நம்ம ஆட்டக்காரர் ட்ரெவர் அரீசா. பாதி ஆட்டத்துல 54-43ன்னு நாமதான் முன்னாடி. அப்புறம் திரும்பத் திரும்ப ஒரே காட்சி: நம்ம ஸ்டார் ஜேம்ஸ் ஹார்டன் நடுவுல நின்னு பந்தைத் தட்டுறார், தட்டுறார், ஷாட் கிளாக் (பந்தை எறியறதுக்கான கெடு) ஓடுது. அரீசா மூலையில முழங்காலை மடக்கி, ரெண்டு கையும் விரிச்சு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நிக்கறார். நேரம் முடியப் போகும்போதுதான் பந்து வருது. அன்னிக்கு 12 எறிஞ்சு ஒண்ணுகூட விழலை. அவ்வளவு நேரம் பந்தைத் தொடாதவன் கை விறைச்சுப் போகாதா?

காலை ஆறரை:
நானும் பார்த்தேன், சென்னையில, பல் தேய்ச்சுக்கிட்டே. ஆனா பழியை ஹார்டன் மேல போடாதீங்க பாஸ். 2015-16ல அந்த டீம் ஜெயிச்சது 41 ஆட்டம். அடுத்த வருஷம் டி'அன்டோனி கோச்சா வந்து ஹார்டனையே பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துறவர்) ஆக்கினார், 55 ஜெயிச்சாங்க. ஒரு ஆட்டத்துக்கு அவரோட அசிஸ்ட் (அடுத்தவர் கூடை போட வைக்கிற பாஸ்) 7.5லேர்ந்து 11.2 ஆச்சு. ரெண்டு பேர் அவர்மேல பாய்ஞ்சா ரிங் பக்கத்துல இருக்கிற கபேலாவுக்கு லாப் (உயரமா தூக்கிப் போடுற பாஸ்), இல்லன்னா மூலைக்கு பாஸ். அதே மூலைதான் 2017-18ல 65 ஜெயிச்சுக் கொடுத்துது! ஏழாவது ஆட்டத்துல இல்லாதது இன்னொரு பாயிண்ட் கார்டு கிறிஸ் பால். தொடையில பிடிச்சு வெளியே உட்கார்ந்திருந்தார். பந்தைத் தூக்கிட்டு வர ரெண்டாவது ஆள் இல்லாம ஹார்டன் ஒருத்தரே இழுத்தா மூச்சு வாங்காதா?

பழைய சென்டர்:
எங்க காலேஜ் டீம்லயும் ஒரு அண்ணன் இருந்தார். ஒருதடவை ரிங்குக்குக் கீழ தனியா கை தூக்கி நின்னேன். அந்த பாஸ் இன்னும் வரலை.
ஆடுற தம்பிகளுக்குச் சொல்றேன், பந்து கையில இல்லன்னா நிக்காதீங்க. வாரியர்ஸோட ஸ்டெஃபன் கரியைப் பாருங்க. கூட ஆடுற ட்ரேமண்ட் கிரீன் கிட்ட பந்தைக் கொடுத்துட்டு, இன்னொருத்தனுக்கு ஸ்க்ரீன் போட (எதிராளி வழியை மறிச்சு நிக்க) போவார். அவரை விட முடியாம ரெண்டு டிஃபெண்டர் பின்னாடியே ஓடுவாங்க, ரிங்குக்கு வழி திறந்துடும். பந்தைத் தொடாமலே பாதி வேலை முடிஞ்சுது. நீங்களும் பாஸ் கொடுத்த கையோட வெட்டி ஓடுங்க. வரலைன்னா அடுத்த மூலைக்குப் போங்க. பிராக்டிஸ்ல ஆளுக்கு ரெண்டு தட்டுக்கு மேல கூடாதுன்னு ஆடிப் பாருங்க, ஒரு வாரத்துல தெரியும். அப்புறம் முழங்காலுக்கு...

மேல்வரிசை:
அண்ணே, நான் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போனவன். எனக்கு எதுக்கு முழங்கால்?
ஆறரை, நீங்க சொன்ன அதே 11.2 வருஷம்தான் ஹார்டன் 464 டர்ன்ஓவர் (எதிரணிகிட்ட பந்தைப் பறிகொடுத்தது). ஒரே சீசன்ல அதுவரைக்கும் யாரும் அவ்வளவு விட்டதில்லை. அதை ஏன் சொல்லலை?